மைக் செருக இடமில்லாத மிக்சர்

என் வீட்டு மாடி அறையில் பல கருவிகளின் ஒலியைக் கலக்கும் ஓர் ஆடியோ மிக்சர் இருக்கிறது. பதினாறு சேனல், ஒலியை வெளிப் பெட்டிகளுக்கு அனுப்ப நான்கு சென்ட், தகர உடம்பு, கறுப்பு நிறம். பின்பக்கம் வரிசையாக ஜாக் செருகும் ஓட்டைகள். ஆனால் மைக் செருக அதில் ஓரிடம்கூடக் கிடையாது. சிந்தசைசர் மாதிரியான கருவிகளை மட்டும் இணைப்பதற்காகச் செய்த லைன் மிக்சர் அது. எங்கள் வீட்டில் பாடத் தெரிந்த ஒரே ஆள் என் மனைவி. இந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த வாரத்திலிருந்து அவள் பாடவில்லை. இது தற்செயல் என்று யாராவது எனக்காகச் சொன்னால் நன்றாக இருக்கும். தற்செயல் இல்லை. நான் செய்தது.

என் தொழில் லாரி வயரிங். நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகளில் புது வண்டிக்கு விளக்கு, ஹாரன், கேபின் விசிறி எல்லாவற்றுக்கும் வயர் இழுப்பவன். வீடு பரமத்தி வேலூர். கல்யாணத்துக்கு முன்பு ஓர் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழுவின் பாடகிதான் என் மனைவி. கோயில் பண்டிகை, காதுகுத்து, கல்யாண வரவேற்பு என்று சுற்றாத ஊர் இல்லை. சேந்தமங்கலத்தில் ஒரு தேர்த் திருவிழாவில் மழை வந்து கூட்டம் எழுந்தபோது, அவள் அடுத்த பாட்டின் முதல் வரியை எடுத்தாள். எழுந்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்கள். நான் வாசிப்பதைக் கேட்டு யாரும் மழையில் உட்கார்ந்ததில்லை. அதை அப்போதே தெரிந்துகொண்டுதான் அவளைக் கட்டிக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையும் இருந்தது என்பதை இப்போது சொல்லிவிடுவது நல்லது.

பெண் பிறந்ததும் அவள் மேடையை விட்டாள். சில வருடங்களில் குழுவும் கலைந்தது. நான் கீபோர்டைத் துணியில் சுற்றி பரண்மேல் போட்டேன். மகள் படிக்கப் போய் விடுதியில் சேர்ந்ததும் மாடி அறை காலியானது. கீபோர்டைக் கீழே இறக்கினேன். பிறகு சேலத்தில் ஒருவரிடம் பழைய சிந்தசைசர் ஒன்றை வாங்கினேன். முகப்பு முழுக்கத் திருகுகள் உள்ளது. ஒரு திருகைத் திருகினால் தேனீக்கூட்டம் மாதிரி இரையும், இன்னொன்றைத் திருகினால் குகைக்குள் போன மாதிரி அடங்கும். அதன்பின் ஒரு டிரம் மெஷின். அதன்பின், வாசித்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லும் டிலே பெட்டி. பெரிய மண்டபத்தில் வாசிப்பது போலக் காட்டும் ரிவெர்ப் பெட்டி. ஒன்றை வாங்கினால் இன்னொன்றைக் கேட்கும் சங்கதி இது. நாற்பத்தைந்து வயதில் பிடித்த பைத்தியம் சீக்கிரம் தெளியாது.

இவ்வளவும் சேர்ந்த பிறகு ஒரு சிக்கல் வந்தது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கேட்க முடியவில்லை. கீபோர்டை வாசிக்க வேண்டுமென்றால் சிந்தசைசரின் வயரைப் பிடுங்க வேண்டும். டிலேயை டிரம்முக்குப் போட்டால் கீபோர்டுக்கு இல்லை. தரையில் வயர் பாம்புப் புற்றாகக் கிடந்தது. லாரி வயரிங்கில் ஒரு கட்டு கோணலாக இருந்தாலும் பிரித்து மறுபடி கட்டுகிறவன் நான். என் வீட்டிலேயே அப்படிக் கிடந்தது எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் வாங்கி, கலந்து, வேண்டியதை டிலே, ரிவெர்ப் என்று வேண்டிய எஃபெக்ட் பெட்டிக்கு அனுப்பித் திரும்ப வாங்கும் ஒரு மிக்சர் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆனது. கட்டி சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் கண் விழித்துப் பேசியபோது குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. குரலுக்குப் போகும் நரம்பு ஒன்று சோர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். பேச்சு சில வாரங்களில் சரியானது. மேல் ஸ்தாயி மட்டும் வரவில்லை. ஓர் இடம் வரை ஏறும், அங்கே கீறல் விழுந்து காற்றாகப் போகும். "விடாமப் பாடிப் பழகுங்க. முதல் ஒரு வருஷம் ரொம்ப முக்கியம். பழகப் பழக வரும்" என்று டாக்டர் அவளிடம் சொன்னார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

அவள் பழகினாள். குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு. யார் காதிலும் விழக்கூடாது என்று நினைத்திருப்பாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே சரளி வரிசை ஏறும், அந்த இடம் வந்ததும் உடையும். மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு நாளும் காலையில் நான் காபித் தம்ளரோடு முற்றத்தில் உட்கார்ந்து அதைக் கேட்பேன். கேட்பேன் என்று சொல்வதைவிட, கேட்காமலிருக்கப் பார்ப்பேன் என்பதுதான் சரி. உடையும் இடம் நெருங்கும்போது எனக்கு உடம்பு கூசும். பரிதாபம் என்று சொல்லிக்கொண்டேன். பரிதாபமாக இருந்தால் எழுந்துபோய், இன்று நேற்றைவிடப் பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். எனக்கு இருந்தது எரிச்சல். மழையில் கூட்டத்தை உட்கார வைத்த குரல் என் வீட்டில் இப்படிக் கிடக்கிறதே என்ற எரிச்சல். அவள் மீது கோபப்பட முடியாதே, அதனால் குழாய்த் தண்ணீர் வீணாகிறது என்று ஒருநாள் கத்தினேன்.

மிக்சர் தேடும் வேலையைக் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதுபோல் செய்தேன். ஒரு நோட்டில் படம் போட்டேன். கீபோர்டுக்கு இடதும் வலதுமாக இரண்டு வயர், சிந்தசைசருக்கு இரண்டு, டிரம்முக்கு இரண்டு, எஃபெக்ட் பெட்டிகளிலிருந்து திரும்பி வருவதற்கு நான்கு. ஆக, குறைந்தது பத்து. ஒவ்வொரு சேனலிலிருந்தும் டிலேக்கும் ரிவெர்புக்கும் தனித்தனியாக எவ்வளவு அனுப்பலாம் என்று திருகக் குறைந்தது இரண்டு சென்ட். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை மேடைக்காரர்களுக்கான மிக்சர்கள். மைக்குக்கு எட்டு இடம் கொடுத்து, ஸ்டீரியோவாக வருவதற்கு ஓரத்தில் இரண்டு இடம் கொடுத்திருப்பார்கள். சென்ட் ஒன்றுதான் வெளியே போகும், இன்னொன்று உள்ளுக்குள்ளேயே இருக்கும் எஃபெக்டுக்கு. என் தேவைக்கு அது சரிப்படாது. இதில் நான் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. பொய்யை மறைக்க இவ்வளவு உண்மை கையில் இருந்தது என் துரதிர்ஷ்டம்.

டாக்டரிடம் மறுபடி காட்ட சேலம் போன நாளிலேயே மிக்சர் கடைக்கும் போனோம். டாக்டர் தொண்டைக்குள் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக அசைகிறது, பயிற்சியை விடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். வெளியே வந்தபோது அவள் முகம் தெளிவாக இருந்தது. வழக்கமாகக் கடை என்றால் வாசலிலேயே நிற்பவள் அன்று என்னோடு உள்ளே வந்தாள்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை மேசைமேல் எடுத்து வைத்தார். ஒன்று நான் நோட்டில் எழுதி வைத்திருந்த லைன் மிக்சர். இன்னொன்று நான்கு மைக்கும் நான்கு ஸ்டீரியோவும் எடுக்கக்கூடியது, இரண்டு சென்ட் உள்ளது. அப்படி ஒன்று இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. எண்ணிப் பார்த்தேன். எஃபெக்ட் பெட்டிகளில் ஒன்றை ஒற்றை வயரில், ஒரு மைக் இடத்தின் வழியாகத் திருப்பி வாங்கினால் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். கொஞ்சம் நெருக்கடி, அவ்வளவுதான்.

"ஊட்டுக்குங்களா, இல்ல சவுண்டு சர்வீஸ் வெச்சிருக்கறீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஊட்டுக்குத்தானுங்க" என்றேன்.

"அப்ப இத எடுத்துக்குங்க. நாளைக்கு யாராவது பாடோணும்னாலும் ஆகும்" என்று மைக் உள்ள பெட்டியைத் தட்டிக் காட்டி, ஒரு மைக்கை அதில் செருகி என் மனைவி கையில் கொடுத்தார். "பேசிப் பாருங்கம்மா."

அவள் பேசவில்லை. மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள், மேடையில் பிடிப்பதைப் போலவே. பிறகு ஒரு வரியை மெதுவாகப் பாடினாள். கடையில் இருந்த பெரிய ஸ்பீக்கர்களில் அந்தக் குரல் வந்தது. கீழ் ஸ்தாயியில் அது நன்றாகவே இருந்தது, புதிதாக ஒரு கனம் கூடியிருந்தது. மேலே ஏறும் இடத்தில் உடைந்தது. ஸ்பீக்கரில் உடைவதும் பெரிதாகத்தான் கேட்டது. ஹெட்போன் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள் திரும்பினார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து லைன் மிக்சரின் பின்பக்கத்தில் ஜாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே எண்ணியவைதான். கடைக்காரர் எதையும் கவனிக்காதவர்போல, "நல்லாப் பாடறீங்கம்மா" என்றார். அவள் சிரித்துக்கொண்டே மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஊர் திரும்பும் பேருந்தில் அவளே பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க, அந்த மைக்குப் போடறது நல்லா இருக்குதுங்களே."

"நல்லாத்தான் இருக்குது. நமக்கெதுக்கு மைக்கு? ஊட்டுல மேடையா போட்டிருக்கறோம்?"

"மேடைக்கில்லீங்க. எதுக்கும் ஒண்ணு இருக்கட்டுமேன்னு சொன்னேன்."

"எதுக்கும்னா எதுக்கு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதற்கு என்று எனக்குத் தெரியும். என்னிடம் சொல்ல அவளுக்குக் கூச்சம், அதுவும் தெரியும். அவள் கூச்சப்பட்டு நின்ற இடத்தில் நான் என் நோட்டைப் பிரித்தேன். ஸ்டீரியோ என்றேன், சென்ட் என்றேன், அந்தப் பெட்டியில் திருகுகள் நெருக்கமாக இருக்கின்றன, என் விரல் தடிமனானது என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பரமத்தி வேலூர் வந்து இறங்கும்போது, "இருந்தாலும் அதுதானுங்க எனக்கு மனசுக்குப் புடிச்சிருக்குது" என்றாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் தனக்கு ஒன்று பிடித்திருக்கிறது என்று அவள் இரண்டு தடவை சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. அவள் விட்டுக் கொடுக்கவில்லை, நானும் விட்டுக் கொடுக்கவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "வாசிக்கறவன் நானா நீயா?" என்று தட்டைத் தள்ளிவிட்டேன். அவள் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"சண்ட எதுக்குங்க. ஆத்தாளக் கேட்டுரலாம். போர் போடறப்பக் கேட்டமில்லீங்க, அந்த மாதிரி பூப்போட்டுக் கேட்டுரலாம்."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். பெண் பார்ப்பதா வேண்டாமா, போர் போடும் ரிக் வண்டி வாங்குவதா நிலம் வாங்குவதா, எதில் மனசு தீராவிட்டாலும் அம்மன் முன்னால் பூ வைத்துக் கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். எது வந்தால் எது என்று முதலிலேயே சொல்லிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு ஆழ்குழாய் போட்டபோது கேட்டோம். அம்மன் காட்டிய மூலையில் இன்றும் தண்ணீர் வற்றவில்லை. ஆடியோ மிக்சர் வாங்க யாராவது பூக் கேட்டிருப்பார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சரி என்றேன். ஏனென்றால் அதற்கு முதல் நாள் மத்தியானம், பட்டறையிலிருந்தே கடைக்காரருக்குப் போன் செய்து லைன் மிக்சரை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். அதை அவளிடம் சொல்லும் தைரியம் இல்லை. அம்மன் சொன்னால் அவள் பேசாமல் ஏற்றுக்கொள்வாள் என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஆற்றங்கரை அம்மன் கோயிலுக்குப் போனோம். வெள்ளை வந்தால் லைன் மிக்சர், சிவப்பு வந்தால் மைக் உள்ளது என்று வழியிலேயே பேசிக்கொண்டோம். பூசாரி, "சாமி, நீங்க பூவ மடிச்சு வெய்யுங்க. அம்மணி வெளக்குப் போடட்டும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுக்க உள்ளே போனார். அவள் குழாயடியில் கால் கழுவப் போனாள்.

கோயில் வாசலுக்கு இடப்பக்கம் செவ்வரளி, வலப்பக்கம் வெள்ளரளி. இரண்டும் கைக்கெட்டும் உயரம். நான் வெள்ளரளியில் இரண்டு பூ பறித்தேன். கொண்டுவந்த வெற்றிலையில் ஒன்றை மடித்து வாழைநாரால் கட்டினேன். இன்னொன்றையும் மடித்துக் கட்டினேன். நான்கைந்து எட்டு வைத்து எதிர்ப்பக்கம் போயிருந்தால் போதும். அந்த நேரத்தில் என் மனசில் பெரிய போராட்டம் எதுவும் நடக்கவில்லை. ஒரு பெட்டி விஷயம், இதில் சாமிக்கு என்ன வந்தது என்று நினைத்தேன். கை கொஞ்சமும் நடுங்காமல் கட்டியது. கட்டுவது என் தொழில் அல்லவா.

சாதாரணமாகப் பொட்டலத்தை எடுக்க ஒரு குழந்தையைக் கூப்பிடுவார்கள். அன்று கோயிலில் எங்களைத் தவிர யாரும் இல்லை. பூசாரி அவளைப் பார்த்து, "நீங்களே எடுங்க அம்மணி" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஒரு மிக்சருக்கு இவ்வளவு வேண்டுதலா என்று நான் பொறுமையில்லாமல் கால் மாற்றி நின்றேன். கடைசியில் கையை நீட்டி ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்துக் காட்டினார்.

"வெள்ளைங்க சாமி."

அவள் வெள்ளைப் பூவைக் கண்ணில் ஒற்றித் தலையில் வைத்துக்கொண்டாள். தட்டில் மீதியிருந்த பொட்டலத்தை நான் எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். படித்துறைக்குப் போய் முகம் கழுவுவதுபோல் குனிந்து, அதைப் பிரிக்காமலே காவிரியில் விட்டேன்.

மிக்சர் வந்தது. மூன்று நாள் பட்டறைக்குப் போகாமல் வயரிங் செய்தேன். பக்கத்து வீட்டு மோட்டார் ஓடினால் ஒரு முனகல் வந்தது, எர்த்தைச் சரிசெய்து அதைத் துரத்தினேன். கட்டுகளைப் பார்த்தால் புது லாரியின் டாஷ்போர்டுக்குப் பின்னால் பார்ப்பது போல் இருந்தது. முதல்முறையாக எல்லாம் ஒன்றாகக் கேட்டன. டிரம் நடக்க, சிந்தசைசர் அடியில் இரைய, கீபோர்டு டிலேக்குள் போய்த் திரும்பித் திரும்பி வந்தது. தலைகால் புரியாத சந்தோஷம். அவளைக் கூப்பிட்டேன். வந்து வாசலில் நின்று கேட்டாள். "நல்லா இருக்குதுங்க" என்றாள். அம்மன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள் என்றும் சொன்னாள். நான் ஆமாம் என்றேன்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்பதை நான் கவனிக்கச் சில நாட்கள் ஆயின. கவனித்த பிறகும் அவளிடம் ஏன் என்று கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் நிம்மதியாக இருந்தது. காபி ருசியாக இருந்தது. இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது, ஆனால் அப்போது நிம்மதிதான். உடம்பு களைப்பாக இருக்கும், இன்னொரு நாள் பாடிக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

அப்படியே ஏழெட்டு மாதம் போனது. நான் மாடியில் உட்கார்ந்து நிறைய வாசித்தேன், பதிவு செய்தேன். பதிவைப் போட்டுக் கேட்டால் எல்லாம் இருந்தது, எதுவும் மனசில் நிற்கவில்லை. எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஒன்றும் குறையாது. இயந்திரங்கள் சுருதி விலகுவதில்லை என்பதற்காகத்தான் அவற்றோடு இருந்தேன். அதுவே கொஞ்சம் கொஞ்சமாக அலுக்கத் தொடங்கியது. ஒரு மத்தியானம், கடையில் அவள் பாடிய அந்த ஒரு வரி நினைவுக்கு வந்தது. கீழ் ஸ்தாயியில் இருந்த அந்தக் கனம். உடைந்த இடம்கூட நினைவில் அவ்வளவு மோசமாக இல்லை. டிலேக்குள் அனுப்பினால் அந்த உடைசல் எப்படித் திரும்பி வரும் என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஆசையாக இருந்தது.

மைக் இடமில்லாத மிக்சரிலும் மைக்கை இணைக்க வழி உண்டு. மைக்கின் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்க, சோப்பு டப்பா அளவில் ஒரு ப்ரீஆம்ப் கிடைக்கும். மைக் அதில் போய், அதிலிருந்து லைனாக மிக்சருக்கு வரும். முதல் நாளிலிருந்தே எனக்கு இது தெரியும். பேருந்தில் என் நோட்டைப் பிரித்து அத்தனை விளக்கிய நான் இதை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையும் இல்லை, பூவும் இல்லை. அடுத்த வாரமே சேலம் போய் ஒரு ப்ரீஆம்பும் ஒரு நல்ல மைக்கும் வாங்கி வந்தேன். இணைத்து, ஸ்டாண்டில் மாட்டி, அவள் உயரத்துக்குச் சரிசெய்து வைத்துவிட்டு அவளை மேலே கூப்பிட்டேன்.

மைக்கைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இது எதுக்குங்க?"

"பாடு, சும்மா ஒரு வரி. எந்த எஃபெக்டுல போட்டாலும் நல்லா இருக்கும்."

"வேண்டாமுங்க. ஆத்தா வேண்டாம்னு சொல்லிட்டாளில்லீங்க."

"ஆத்தா மிக்சரத்தான சொன்னா?"

"நான் கேட்டது மிக்சர இல்லீங்க."

அப்புறம் நிதானமாகச் சொன்னாள். "அன்னைக்குக் கண்ண மூடிட்டு, இனி நான் பாடிப் பழகறதா, இத்தோட உட்டர்றதான்னுதான் கேட்டேனுங்க. செவப்பு வந்தாப் பாடறது, வெள்ள வந்தா உடறதுன்னு. டாக்டரு வருமுங்கறாரு, எனக்கு வருமுன்னு தோணல. யாரக் கேக்கறது? வெள்ள வந்துருச்சு. அதுக்கப்பறம் மனசு அமைதியாயிருச்சுங்க. நீங்க கெளப்பாதீங்க."

கீழே இறங்கிப் போய்விட்டாள். நான் ஸ்டாண்டுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். அந்த நிமிடமே எழுந்து பின்னால் ஓடி, இரண்டும் வெள்ளைதான் என்று சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் சொன்ன முதல் வருடத்தில் இன்னும் சில வாரங்கள் மிச்சமிருந்தன. எனக்கு அது தெரியும். நான் கணக்குப் போட்டேன், தெரிந்துகொண்டேன், வாயை மூடிக்கொண்டு இருந்தேன். சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்றேன். அந்த நாளை மூன்று வருடம் தள்ளிப் போட்டேன்.

இந்த மூன்று வருடத்தில் அவள் சந்தோஷமாக இல்லை என்று சொல்ல முடியாது. தையல் வகுப்புக்குப் போனாள், மொட்டை மாடியில் தக்காளி போட்டாள். கோயிலில் பக்கத்துப் பெண்கள் விளக்குப் பூஜையில் பாடும்போது இவள் கை தட்டி நிற்பாள். உதடு அசையாது. ஒருமுறை யாரோ ஒருத்தி, "நீங்க பாடுவீங்களாமே" என்று கேட்டதற்கு, "அது அப்பங்க" என்று முடித்தாள். நான் ஆண்கள் பக்கம் நின்று கேட்டேன். அந்தப் பேச்சில் வருத்தமே தெரியவில்லை. அது தெரிந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

போன மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வெயில் தாழ்ந்த நேரம், அவள் மாடிக்கு வந்து காய்ந்த மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தாள். மகளுக்குப் போனில் ஏதோ புத்தி சொல்லிக்கொண்டிருந்தவள் கடைசியில், "எதுலயும் மனசு தீரலீன்னா வா, பூப்போட்டுக் கேட்டுக்கலாம். உங்கப்பன் மிக்சருக்கே கேட்டவங்கதான் நாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். என் பெண்ணுக்கும் அதைச் சொல்கிறாளே என்று நினைத்தேன். போனை வைத்ததும் சொல்லிவிட்டேன். இரண்டிலும் வெள்ளரளிதான் என்றேன். ஒன்றை ஆற்றில் விட்டதையும், பூக் கேட்பதற்கு முன்பே கடைக்குச் சொல்லிவிட்டதையும் சொன்னேன். சோப்பு டப்பா அளவு பெட்டியைப் பற்றி முன்பே தெரியும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். ஒன்றைக்கூட விடவில்லை.

அவள் மிளகாய்ச் சாக்கைக் கட்டி ஓரமாக வைத்தாள். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கு நான் தயாராகக்கூட இருந்தேன்.

"இப்ப என்னங்க பண்றது?" என்று கேட்டாள்.

"இப்பப் பாடு. மைக் இருக்குது. மறுபடி டாக்டருகிட்டப் போலாம்."

அவள் எழுந்து அறைக்குள் போனாள். மைக் பக்கம் போகவில்லை. ஜன்னலோரம் நின்று, எந்தக் கருவியும் இல்லாமல் ஸ, ரி என்று ஏறினாள். நான் வாசலில் நின்றேன். அந்தப் பழைய உடையும் இடத்துக்கு அவள் வரவேயில்லை. அதற்கு இரண்டு படி கீழேயே குரல் நின்றுவிட்டது. கீழே இருந்த கனமும் போயிருந்தது. மறுபடி முயன்றாள். மூன்றாவது தடவை இருமல் வந்துவிட்டது. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், வாங்கிக் குடித்தாள்.

"எதுக்குங்க அப்படிப் பண்ணுனீங்க? மிக்சருக்காகவா?"

அதற்கும் உண்மையைச் சொன்னேன். மிக்சருக்காக இல்லை, அவள் குரல் உடைவதை என்னால் கேட்க முடியவில்லை என்று. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தம்ளரை அவள் என் கையில் கொடுத்த பிறகுதான் பார்த்தேன். அழவில்லை. ஒன்றை ரொம்ப நேரமாகத் தேடிக் கண்டுபிடித்தவள் மாதிரி இருந்தாள்.

"அத நீங்களே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்க. கேக்க முடியல, நிறுத்துன்னு சொல்லியிருந்தீங்கன்னா, உங்களோட சண்ட போட்டுக்கிட்டே பாடியிருப்பேன். ஆத்தா சொல்லிட்டான்னு நெனச்சுத்தான் உட்டேன்."